தம்பி சிரித்த இடம்

ஊரில் பாதிப் பெண்களுக்குப் புருவம் திருத்திவிடுகிறவளிடம் வந்து, "அக்கா, தலையைக் கொஞ்சம் கலைச்சு விட்டுக்குங்களேன்" என்று சொல்வதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். ஆவணப்படம் எடுக்க வந்திருந்த டைரக்டரிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது.

"எதுக்கு சார் கலைக்கணும்?" என்று கேட்டாள் பார்லர் அக்கா.

"ரொம்பப் பளிச்சுனு இருக்கீங்க. தம்பிக்குத் தூக்குனு தீர்ப்பான வீடு மாதிரியே தெரியல."

"தீர்ப்பான வீட்டுல சீப்பு இருக்கக் கூடாதுனு சட்டமா?"

டைரக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேமராமேன் பக்கம் திரும்பி, "நல்ல கேரக்டர்" என்றார், சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தவர் மாதிரி. அதோடு விட்டாரா? கண்மையையும் துடைத்துவிடச் சொன்னார். அவளோ வீட்டின் முன்னறையிலேயே அழகுநிலையம் வைத்திருப்பவள், மற்றவர்கள் முகத்தைச் சரிசெய்து பிழைக்கிறவள். தன் முகத்தைத் தானே கெடுத்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. பஞ்சில் எண்ணெய் தொட்டுக் கண்ணைத் துடைத்தாள். தலையைக் கலைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. "அருமை" என்றார் டைரக்டர்.

இதற்கெல்லாம் அவள் தலையாட்டினாள் என்றால் அது தம்பிக்காக. தம்பி ஒருவனைக் கொன்றவன். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை, அவளும் மறைத்ததில்லை. லேத் பட்டறையில் கூட்டாளியோடு வாய்ச்சண்டை முற்றி, கையில் இருந்த ஸ்பானரால் அடித்துவிட்டான். ஒரு அடி அல்ல, மூன்று அடி. முதல் அடியை ஆத்திரம் என்று வைத்துக்கொண்டாலும் மற்ற இரண்டுக்கும் கோர்ட்டில் அவனிடம் பதில் இல்லை. செய்தி கேட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடி, அத்தனை போலீஸ்காரர்கள் முன்னால் அவனைக் கன்னத்தில் அறைந்தவள் அவள். அறைந்தாலும் தம்பி தம்பிதானே. அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. கோர்ட்டுகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கருணை மனு. அதைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு கமிட்டி.

"படம் நல்லா வந்தா உதவும். கமிட்டில இருக்கறவங்களும் மனுஷங்கதானே" என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். டைரக்டர் மரண தண்டனைக்கு எதிரானவர் என்றும் சொன்னார்கள். அது பொய்யில்லை. அந்த வாசகத்தை எழுதிய பேட்ஜ் ஒன்று அவர் சட்டைப்பையில் குத்தியே இருந்தது. அவர் நீட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாளே படப்பிடிப்பின் நெளிவு சுளிவெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பார்லர் சுவரில் ஒரு நடிகையின் பெரிய போஸ்டர் உண்டு, ஷாம்பூ கம்பெனிக்காரன் இலவசமாக ஒட்டிவிட்டுப் போனது. எதிரும் புதிருமாகக் கண்ணாடிகள் இருப்பதால் அறைக்குள் எங்கே திரும்பினாலும் அந்தப் பல்வரிசைதான். கேமராமேன் பதறிப்போய் அதன் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினான்.

"எதுக்குத் தம்பி அந்தப் பொண்ணை மூடறே?"

"அவங்க முகம் படத்துல வந்தா அவங்ககிட்ட அனுமதி வாங்கணும்கா. வாங்காம போட்டா கேஸ் போட்டு இழுத்தடிச்சிடுவாங்க. படமே வெளிய வராது."

"அவங்க மூஞ்சிக்கு அனுமதி வேணும். எங்க மூஞ்சிக்கு வேணாமா?"

"நீங்கதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றான் அவன், ரொம்ப மரியாதையாக.

அது முடிந்து அவள் பேச வாயைத் திறந்தால், அடுத்த வீட்டு ரேடியோ பாட ஆரம்பித்தது. சவுண்ட்காரர் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையை உயர்த்தினார். நீளக் கம்பின் நுனியில் முடி முடியாக ஒரு மைக் வைத்திருப்பார். அவள் அதற்குக் கரடிக்குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். "கட். பாட்டு வருது" என்றார். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பேச்சோடு சினிமாப் பாட்டு கலந்துவிட்டால் பிரிக்க முடியாதாம். பாட்டுக்குச் சொந்தக்காரன் சும்மா விடமாட்டானாம். எவ்வளவு உருகிப் பேசினாலும் குப்பைக்குத்தான் போகுமாம். கடைசியில் அவளே சுவரைத் தட்டி, "இந்தாம்மா, கொஞ்சம் நிறுத்து" என்று கத்தினாள். அடுத்த வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினாள்.

வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. பஸ் ஓட்டுகிறவர். ஜன்மத்தில் ஒரு தடவை கேமரா முன்னால் நிற்கப் போகிறோம் என்று கோடுபோட்ட சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கோடு கேமராவில் ஆடும் என்று சொல்லி அதைக் கழற்றவைத்து, கழுத்துப் பட்டை கிழிந்த பழைய சட்டையைப் போடவைத்தார்கள். "ஜன்னல் வழியா வெளிய பாருங்க சார். எதையாவது நினைச்சுக்குங்க" என்றார் டைரக்டர்.

"எதை நினைக்கிறது?"

"உங்க இஷ்டம்."

மனிதர் தம் பஸ்ஸின் பிரேக்கை நினைத்தார். அது இரண்டு நாளாகச் சரியில்லை. "என்ன ஒரு வேதனை பாரு அந்த முகத்துல" என்று டைரக்டர் கேமராமேன் காதில் சொன்னார். பார்லர் அக்காவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. சிரித்தால் மறுபடி எடுப்பார்கள் என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயிலில் தம்பியைப் படம் எடுத்த அன்று அவளும் போயிருந்தாள். குடும்பத்தார் பார்க்கிற நாளில்தான் அனுமதி கிடைத்திருந்தது. அறையில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் அவள். தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தான். அவனுக்கு முடி கொட்டிப்போயிருந்தது. பார்த்ததும், நல்ல எண்ணெய் ஒன்று அலமாரியில் இருக்கிறதே, கொண்டுவர விடுவார்களா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சவுண்ட்காரர் கரடிக்குட்டியை அவன் தலைக்கு மேல் நீட்டி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க, சத்த அளவு பாத்துக்கறேன். காலையில என்ன சாப்டீங்க?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "யாரு, நானா?"

"ஆமா. என்ன சாப்டீங்க?"

அவன் முகம் மெதுவாக மலர்ந்தது. எத்தனையோ வருஷமாக வக்கீலும் போலீஸும் ஜட்ஜும் வார்டனும் அவனை என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. பல் தெரியச் சிரித்து, "சாப்பாடு வந்துச்சு சார். உப்புதான் கம்மி" என்றான்.

அப்புறம்தான் பேட்டி தொடங்கியது. செத்துப்போனவனைப் பற்றிக் கேட்டதும் மேஜையில் நெற்றியை வைத்து அழுதான். "தினமும் அவன்கூடத்தான் சார் பேசிட்டு இருக்கேன். அவன்தான் பதில் சொல்ல மாட்டேங்கறான்" என்றான். வெளியே வந்ததும் டைரக்டர் கேமராமேனிடம், "அழுகை கொஞ்சம் ஓவரா போயிடுச்சு. இவ்வளவு அழுதா பாக்கறவங்களுக்கு அலுத்துடும்" என்று குறைபட்டுக்கொண்டார். அதை அவள் காதில் வாங்கினாள். ஆனால் அதன் அர்த்தம் அப்போது உறைக்கவில்லை.

ட்ரெய்லர் வந்தபோது அவள், ஊருக்குப் புதிதாக வந்த, தன் வீட்டுக் கதை தெரியாத ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியில் சாய்ந்தபடி அந்தப் பெண் போனை உயர்த்திக் காட்டினாள்.

"இதைப் பாத்தீங்களாக்கா? எல்லாரும் அனுப்பிட்டே இருக்காங்க. இவனெல்லாம் மனுஷனா?"

போனில் கூட்டாளியின் மனைவி இருந்தாள். மடியில் ஒரு சட்டை. "இன்னும் இதை நான் துவைக்கல. துவைச்சா அவர் வாசனை போயிடும்" என்று சொல்லி உடைந்து அழுதாள். டொம் என்று ஒரு மேளச் சத்தம். அடுத்த காட்சியில் தம்பி. நிமிர்ந்து பார்க்கிறான். முகம் மெதுவாக மலர்கிறது. பல் தெரியச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பிலேயே படத்தை நிறுத்தி, அதன் மேல் சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர் வந்தது.

"கட்டினவ அழறா, இவன் சிரிக்கிறான். இவனை இன்னும் தொங்க விடாம என்ன பண்றாங்கன்னு தெரியல" என்றாள் நாற்காலிப் பெண்.

நூல் பார்லர் அக்காவின் பல்லிலும் விரலிலும் இருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் அந்தப் பெண்ணின் பாதிப் புருவம் கையோடு வந்திருக்கும். இழுக்கவில்லை. இரண்டு புருவத்தையும் ஒழுங்காக முடித்து, பவுடர் போட்டு, கண்ணாடி காட்டி அனுப்பினாள். அப்புறம் பார்லர் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வக்கீலம்மா வந்தார். வந்த முகமே சரியில்லை. "கமிட்டித் தலைவரே பாத்துட்டாராம். வருந்தறவன் மூஞ்சியா இதுன்னு கேட்டிருக்கார். எல்லாரும் மன்னிக்கலாம்னு இருந்தாங்க. இப்ப ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. செத்தவரோட சம்சாரமும் என் போனை எடுக்கறதில்ல."

"வெட்டாத படத்தைக் காட்டினா தெரியுமே!"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அசல் பதிவைக் கமிட்டிக்குக் கொடுக்கலாம். ஆனா படம் யாருதோ அவரே நேர்ல வந்து, கையெழுத்துப் போட்டு, கவுன்டர்ல கொடுக்கணும். கமிட்டி உட்கார்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கவுன்டர் மூடறதுக்குள்ள. அதுக்கப்புறம் கடவுளே கொண்டுவந்தாலும் வாங்க மாட்டாங்க."

மறுநாள் காலையிலேயே அவள் டைரக்டரின் எடிட்டிங் அறைக்குப் போய் நின்றாள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை, எலும்புவரை ஏறுகிற ஏசி, மேஜை நிறையக் காலி டீ கப். சுவரளவு திரையில் தம்பி சிரித்த இடத்திலேயே நின்றுபோயிருந்தான்.

டைரக்டர் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா! எவ்வளவு பேர் பாத்திருக்காங்க தெரியுமா? வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் கூப்பிடறாங்க!"

"அந்தச் சிரிப்பு எங்கே சிரிச்சதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"தெரியும். ட்ரெய்லர்னா கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்கா. படத்துல எல்லாம் சரியா வந்துடும். முதல்ல வில்லன்னு நினைக்க வெச்சு, அப்புறம் மெல்ல மெல்ல மனுஷன்னு காட்டுவோம். அதான் டெக்னிக்."

"படம் எப்ப வரும்?"

"அடுத்த வருஷம்."

"அவன் எப்ப சார் மெல்ல மெல்ல மனுஷன் ஆவான்? தொங்கினப்புறமா?"

டைரக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்களைப் போய் இப்படிச் சொல்றீங்களே. நாங்க தூக்குக்கு எதிரானவங்க" என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். பேட்ஜ் இருந்தது.

அவள் வெட்டாத பதிவைப் போடச் சொன்னாள். போட்டார்கள். உப்பு கம்மி என்றான், சிரித்தான், அழுதான், எல்லாம் இருந்தது. கூட்டாளியின் மனைவி பேசியதும் முழுசாக இருந்தது. சட்டையைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவனைத் தொங்கவிட்டா இவர் எந்திரிச்சு வரப் போறாரா? இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லியிருந்தாள்.

"இதை ஏன் சார் வெட்டினீங்க?"

"அந்த இடத்துல டென்ஷன் இறங்கிடுதுக்கா."

செருப்பைக் கழற்றிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் காரியம் பெரிது, கோபம் சின்னது. அதனால் தன்னிடம் இருந்த ஒரே சரக்கை எடுத்து வெளியே வைத்தாள். "சார், இதை அப்படியே கொண்டுவந்து கவுன்டர்ல கொடுங்க. கொடுத்தீங்கன்னா என் வீட்டுல எப்ப வேணா வந்து எடுத்துக்குங்க. தலையைக் கலைக்கச் சொன்னா கலைக்கிறேன், அழச் சொன்னா அழறேன். எத்தனை தடவை வேணாலும்."

டைரக்டரின் கண் பளபளத்தது. "நிஜமாவா? கடைசி நாள்கூடவா?"

"அது வரக் கூடாதுன்னுதான் சார் உங்க முன்னால வந்து நிக்கிறேன்."

"ஆமாமா. வரவே கூடாது" என்று அவசரமாகச் சொன்னார். "ஆனா வந்தா?"

"எடுத்துக்குங்க" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

சொன்ன நாளில் டைரக்டர் வந்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. மதியமே வந்தார். கையில் ஒரு காக்கி உறை, உறைக்குள் பென் டிரைவ். பின்னாலேயே கேமராமேன், சவுண்ட்காரர், கரடிக்குட்டி. கமிட்டி அலுவலகத்துக்கு முன்னால் அகலமான கல் படிகள் இருந்தன. அவள் படியில் கால் வைத்ததும் டைரக்டர், "ஒரு நிமிஷம்கா" என்றார். "நான் ஏறிப்போறதை எடுத்துடறோம். ஒரே ஷாட்."

ஏறினார். பாதியில் ஒரு பார்சல் வண்டி குறுக்கே வந்து நின்றது. இறங்கினார். மறுபடி ஏறினார். மேகம் சூரியனை மறைத்துவிட்டது. மேகம் நகரும்வரை படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அடுத்த தடவை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் உள்ளே ஜெனரேட்டர் ஓடியதால் சவுண்ட்காரர் கையை உயர்த்திவிட்டார். அதற்கடுத்த தடவை டைரக்டருக்கே தம் நடை பிடிக்கவில்லை. "வேகமா போயிட்டேன். ஒரு உயிரைக் கையில வெச்சிட்டுப் போறவன் இப்படியா போவான்?" என்று தம்மையே கடிந்துகொண்டார்.

அவள் குறுக்கே போய் நின்றாள். "சார், முதல்ல உள்ள போய்க் கொடுத்துட்டு வந்துடுங்க. அப்புறம் விடிய விடிய ஏறி இறங்குங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"கொடுத்துட்டு வந்தா கையில ஒண்ணும் இருக்காதேக்கா."

"காலி உறையைப் பிடிச்சிட்டு ஏறுங்க. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

டைரக்டர் நிமிர்ந்தார். அவள் எதையோ அசிங்கமாகச் சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். "அக்கா, இது ஆவணப்படம். பொய்யா எடுக்க மாட்டோம். அது என் தொழிலுக்கே துரோகம்."

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி கீழே இறங்கி, உறையை நெஞ்சோடு அணைத்து, சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். அவள் பார்த்தாள். இனி பொறுத்தால் ஆகாது என்று பாய்ந்து, அவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். மனிதர் கயிறு கட்டின கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தார். தாழ்வாரத்தில் ஓடினார்கள். கவுன்டர் முன்னால் போய் நின்றபோது உள்ளே இருந்த குமாஸ்தா ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்.

"சார்! சார்! ஒரே ஒரு உறை!"

"மணி அஞ்சாயிடுச்சும்மா."

"மதியத்துலேர்ந்து வாசல்லதான் சார் இருக்கோம்!"

"ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன். ஏதோ படம் எடுக்கறாங்கன்னு நினைச்சேன்" என்றார் குமாஸ்தா, இரக்கத்தோடுதான். "பதிவேட்டை மூடி மேல அனுப்பிட்டேம்மா. இனி நான் வாங்கினாலும் அங்க ஏறாது." ஷட்டர் இறங்கிவிட்டது.

அவள் இரண்டு கையாலும் ஷட்டரை அடித்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மூச்சு முட்டி ஓய்ந்து திரும்பியபோது, கேமராமேன் தாழ்வாரத்தில் முழங்காலிட்டு எடுத்துக்கொண்டிருந்தான். டைரக்டர் அவன் தோளில் கைவைத்து, "விடாதே, விடாதே" என்று கிசுகிசுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது நடிப்பு இல்லை. அன்று எடுத்ததில் ஒரே தடவையில் சரியாக வந்தது அவள் ஷட்டரை அடித்தது ஒன்றுதான்.

மறுநாள் கமிட்டி உட்கார்ந்தது. வக்கீலம்மா வாசலில் உறையோடு நின்று கெஞ்சிப் பார்த்தார், மேலே உள்ளவர்களுக்கெல்லாம் போன் போட்டார். வாங்கவில்லை. மனு தள்ளுபடி ஆயிற்று. வருத்தத்தின் சாயல்கூட அவனிடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

கடைசிச் சந்திப்பில் கேமரா இல்லை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அவளும் வீட்டுக்காரரும். வீட்டுக்காரர் கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சட்டை நல்லாருக்கு" என்றான் தம்பி. பிறகு அவளிடம், "என்னக்கா, ஒரு தடவை சிரிச்சதுக்கு இவ்வளவு பெரிய பிரச்சனையா?" என்றான்.

"வாயை மூடு நாயே" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதேக்கா. நான் பண்ணினதுக்குத்தானே. சிரிச்சதுக்கா தொங்க விடறாங்க?" கொஞ்ச நேரம் வலையை நோண்டிக்கொண்டிருந்தான். "அந்த மைக்கு பிடிக்கிறவர் இருக்காரே, அவர் ரொம்ப நல்லவர்க்கா. வந்ததும் வராததுமா சாப்டியான்னு கேட்டார். அவரைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு."

அது அளவு பார்க்கக் கேட்கிற கேள்வி, வீட்டுக்காரரிடமும் கேட்டார், அவளிடமும் கேட்டார், நாளைக்கு ஒரு மந்திரியிடமும் கேட்பார். அவள் அதைச் சொல்லவில்லை. "சொல்றேன்டா" என்றாள்.

தூக்கு முடிந்த அன்று காலையில் டைரக்டர் வந்துவிட்டார். வாசலில் நின்று மெல்லிய குரலில், "அக்கா, உங்க துக்கம் புரியுது. ஆனா நீங்க வாக்குக் கொடுத்திருந்தீங்க" என்றார்.

"கொடுத்தேன். வாங்க சார். பார்லர்ல உட்கார்ந்திருக்கேன்."

உள்ளே வந்தவர்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். அவள் தலையை வாரி இறுக்கப் பின்னியிருந்தாள். கண்ணில் தீர்க்கமாக மை தீட்டியிருந்தாள். புருவம் கத்தி மாதிரி இருந்தது. இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு நடுநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் ஷாம்பூ நடிகை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த போஸ்டரை..."

"அது அங்கேயே இருக்கட்டும்."

"கண்மை..."

"அதுவும் இருக்கட்டும்."

கேமராமேன் இந்தப் பக்கம் போனான், அந்தப் பக்கம் போனான், தரையில் படுத்துக்கூடப் பார்த்தான். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எதிர்க்கண்ணாடியில் அந்த நடிகைதான். டைரக்டர் பெருமூச்சு விட்டு, "பரவால்ல, எடு. படம் போனாலும் குரல் இருந்தாப் போதும். குரல்தான் முக்கியம்" என்றார்.

சவுண்ட்காரர் கரடிக்குட்டியை அவள் தலைக்கு மேல் நீட்டினார். பாவம், அவரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கைப் பழக்கம், வாய்ப் பழக்கம்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா. காலையில என்ன சாப்..."

அதோடு நின்றுவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"தம்பி உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்" என்றாள் அவள். "நீங்க ரொம்ப நல்லவராம்."

கையை நீட்டி மேஜையில் இருந்த ரேடியோவைத் திருகினாள். பாட்டு அறையை நிறைத்தது. அவள் சுவரைத் தட்டினாள். அடுத்த வீட்டு ரேடியோவும் அலறத் தொடங்கியது. அடுத்த வீட்டுக்காரியிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"அக்கா! ரேடியோ!" என்று டைரக்டர் கத்தினார். "ஒரு வார்த்தைகூடப் பயன்படாதுக்கா! குப்பைக்குத்தான் போகும்!"

"தெரியும் சார். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. எடுங்க. அழறேன்னு வாக்குக் கொடுத்தேன், அழறேன்."

பிறகு அவள் பேசினாள். அவன் இடுப்பில் ஏறி உட்கார்ந்ததை, ஸ்டேஷனில் அறைந்ததை, அந்த மூன்று அடியை, கூட்டாளியின் மனைவி மடியில் இருந்த சட்டையை, கொட்டிப்போன முடியை, அலமாரியில் அப்படியே இருக்கிற எண்ணெயை, எல்லாவற்றையும் பாட்டுக்கு நடுவே சொன்னாள். மை கரைந்து கன்னத்தில் ஓடியது. துடைக்கவில்லை. ஷட்டரை அடித்த காட்சி டைரக்டரிடம் இருக்கிறது, அதை அவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டட்டும். இது அவளுடையது.

டைரக்டர், கட், கட் என்றார். கேமராமேன் கேமராவை இறக்கினான். சவுண்ட்காரர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, காதில் இருந்ததைக் கழற்றி, தரையில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. அவள் இன்னும் அழுது முடிக்கவில்லை.